தாதி வேலையோடு எழுத்து வேலை: மேலதிக வருமானத்துக்கு ஒரு வழி



இன்றைய பேச்சுக்கான விடயம் எனக்கு ஒரு தொலைபேசி அழைப்பில் கிடைத்தது. சார்செல் பக்கம் வசிக்கும் ஒரு தங்கச்சி எடுத்தார். பிரெஞ்சு அரச தாதிப் பட்டம் பெற்று நான்கு வருடமாக வைத்தியசாலையில் வேலை செய்கிறார். வீட்டுக் கடன், ஊரில் அம்மா அப்பாவுக்கு அனுப்பும் பணம், பிள்ளையின் வகுப்புக் காசு என்று மாதக் கடைசியில் கையைக் கடிக்கிறது. "அக்கா, கூடுதல் இரவு வேலை கேட்டால் உடனே தருவார்கள். ஆனால் உடம்பு ஏலாது என்கிறது. எனக்கு எழுத வரும். எழுதி ஏதாவது சம்பாதிக்க வழி இருக்கா?" என்று கேட்டார். அவருக்குத் தொலைபேசியில் சொன்னதை இன்னும் கொஞ்சம் விரித்து உங்கள் எல்லோருக்கும் சொல்லலாம் என்று நினைக்கிறேன். லாச்சப்பலுக்குச் சாமான் வாங்க வரும் குடும்பங்களில் இன்று தாதியோ, எய்ட் சுவாஞாந்த் எனப்படும் பராமரிப்பு உதவியாளரோ இல்லாத குடும்பம் குறைவு.

இரவு வேலையைப் பற்றி முதலில் ஒரு வார்த்தை. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் லியோன் நகரில் இருக்கிறது. இரவு முறைவேலை புற்றுநோயை உண்டாக்கக்கூடிய சாத்தியம் உள்ளது என்று அது 2007 இல் வகைப்படுத்தியது. 2019 இல் மீண்டும் ஆராய்ந்து அதையே உறுதிப்படுத்தியது. இதைச் சொல்லி யாரையும் பயமுறுத்த வரவில்லை. நானும் பல வருடம் இரவு வேலை செய்தவள்தான், யாரோ ஒருவர் அந்த வேலையைச் செய்யத்தான் வேண்டும். ஆனால் மாதத்தில் இரண்டு இரவைக் கூட்டுவதா, அந்த நேரத்தை வேறு விதமாக விற்பதா என்று ஒருவர் யோசிப்பது சோம்பேறித்தனம் அல்ல. பெரியவர்கள் சிலர் அப்படிச் சொல்லக் கேட்டிருக்கிறேன், அதனால்தான் இதைச் சொல்கிறேன்.

தாதிகள் எழுதிச் சம்பாதித்தது புதிய கதை இல்லை. அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது, 1862 டிசம்பரில், லூயிசா மே அல்கொட் என்ற பெண் வாஷிங்டன் பக்கத்தில் ஜோர்ஜ்ரவுனிலிருந்த ஒரு படை வைத்தியசாலைக்குத் தாதியாகப் போனார். அந்தக் காலத்தில் அப்படிப் போன தாதிகளுக்கு நாளொன்றுக்கு 40 சதம் சம்பளம். ஏறத்தாழ ஆறு கிழமைதான் வேலை செய்தார். நெருப்புக் காய்ச்சல் பிடித்து வீட்டுக்குத் திரும்ப வேண்டியதாயிற்று. வீட்டுக்கு எழுதிய கடிதங்களைத் திருத்தி பொஸ்ரன் பத்திரிகை ஒன்றுக்குக் கொடுத்தார். 1863 இல் அது சிறு புத்தகமாகவும் வந்தது. அவருடைய பெயர் வெளியே தெரியத் தொடங்கியது அந்தப் புத்தகத்தோடுதான். ஐந்து வருடம் கழித்து எழுதிய நாவலே குடும்பத்தின் கடனை அடைத்தது. அந்தப் புத்தகத்தில் அவர் செய்த ஒரு வேலையைப் பற்றிப் பிறகு சொல்கிறேன், அது எங்களுக்கு மிகவும் தேவையானது.

அகதா கிறிஸ்ரியைப் பலர் அறிவீர்கள். முதலாம் உலகப் போரில் அவர் இங்கிலாந்தில் தொண்டர் தாதியாகவும் பிறகு மருந்து கலக்குமிடத்திலும் வேலை செய்தவர். நஞ்சுகளைப் பற்றிய அறிவு அங்கே கிடைத்ததுதான். 1920 இல் வந்த முதலாவது துப்பறியும் நாவலால் அவர் கையில் கிடைத்தது 25 பவுண் மட்டுமே.

இங்கே பிரான்சில், 2000களின் நடுப்பகுதியில் வில்லியம் ரெஜோ என்ற ஆண் தாதி, "ரோன்" என்ற புனைபெயரில் தன் வேலை அனுபவங்களை இணையத்தில் எழுதினார். அந்த எழுத்து 2006 இல் புத்தகமாக வந்தது, பிறகு நாவல்களும் எழுதினார். துலூஸ் நகரில் அவசர சிகிச்சைப் பிரிவில் வேலை செய்த கரோலின் எஸ்திரேமோ என்ற தாதி 2016 இல் தன் வேலையைப் பற்றிப் பகிடியும் கோபமும் கலந்து பேசிய ஒரு காணொளி நாடெங்கும் பரவியது. அதற்குப் பிறகு புத்தகம், மேடை நிகழ்ச்சி என்று போனார். இங்கிலாந்தில் கிறிஸ்ரி வொட்சன் இருபது வருடம் தாதியாக இருந்தவர். அவருடைய முதல் நாவலுக்கு 2011 இல் கொஸ்ரா பரிசு கிடைத்தது, தாதி வாழ்க்கையைப் பற்றிய நூல் 2018 இல் வந்தது.

இவர்கள் எல்லோரிடமும் நான் கவனிப்பது ஒன்று. முதலில் எழுதிய கடிதமோ, இணையப் பதிவோ, காணொளியோ அவர்களைப் பணக்காரர் ஆக்கவில்லை. அது ஒரு கதவைத் திறந்தது. காசு அந்தக் கதவுக்கு அந்தப் பக்கம் இருந்தது: ஒரு பதிப்பகம், ஒரு சஞ்சிகை, ஒரு மேடை. ஆகவே "பதிவு எழுதினால் காசு கொட்டும்" என்று யாராவது காசு வாங்கிக்கொண்டு உங்களுக்குப் பாடம் நடத்த வந்தால், அந்தக் காசை வீட்டிலேயே வைத்திருங்கள்.

புத்தகம் என்றாலும் கணக்கைப் பார்க்க வேண்டும். பிரான்சில் புதிய எழுத்தாளருக்கு வழமையாகக் கிடைப்பது வரி நீக்கிய விலையில் 8 அல்லது 10 வீதம். புத்தகத்துக்கான வரி 5.5 வீதம். 18 யூரோ விலையுள்ள புத்தகத்தில் 8 வீதம் என்றால் பிரதிக்கு 1 யூரோ 36 சதம் அளவில். ஆயிரம் பிரதி விற்றாலும் 1,400 யூரோவைத் தாண்டாது. ஆயிரம் பிரதி விற்பது சின்ன வேலையும் இல்லை.

சரி, தமிழில் எழுதினால்? இங்கே நான் கொஞ்சம் வெளிப்படையாகப் பேச வேண்டும். பாரிசில் எங்கள் ஆட்கள் நிறைய எழுதியிருக்கிறார்கள். ஓசை, மௌனம், அம்மா, எக்ஸில் என்று எத்தனை சிறுசஞ்சிகைகள் இந்த நகரத்திலிருந்து வந்தன! அவற்றில் எழுதியவர்கள் பகலில் கோப்பை கழுவி, இரவில் எழுதி, தபால் செலவையும் தாங்களே கட்டியவர்கள். இன்று உலகறிந்த எழுத்தாளராகிய ஷோபாசக்தி உணவகங்களிலும் பல்பொருள் அங்காடியிலும் உடலுழைப்பு வேலை செய்தபடிதான் "கொரில்லா"வை 2001 இல் வெளியிட்டார். இணையத்திலும் கதை அதேதான். 2003, 2004 ஆம் ஆண்டுகளிலேயே தமிழில் வலைப்பதிவுகள் பெருகிவிட்டன. ஆனால் கூகிள் நிறுவனத்தின் விளம்பரச் சேவை தமிழ்ப் பக்கங்களை ஏற்றுக்கொண்டது 2018 இல்தான். அதாவது எங்கள் ஆட்கள் மிகவும் உற்சாகமாக எழுதிய காலம் முழுக்க, முறைப்படி ஒரு சதம் விளம்பரக் காசுக்கும் வழியில்லை. இப்போது வழி உண்டு, ஆனால் வருவது தேநீர்ச் செலவுக்குத்தான் காணும். தமிழில் எழுதுங்கள், மனதார எழுதுங்கள். வீட்டுக் கடனை அதை நம்பிக் கட்ட வேண்டாம்.

அப்படியென்றால் எங்கள் பிள்ளைகளிடம் விற்பதற்கு என்ன இருக்கிறது? மற்றப் பிரெஞ்சுத் தாதிகளிடம் இல்லாத ஒன்று இருக்கிறது. வைத்தியசாலையின் பிரெஞ்சும் எங்கள் வீட்டுத் தமிழும் ஒரே தலைக்குள் இருக்கின்றன. இதற்கு விலை உண்டு.

ஒரு சின்ன உதாரணம். இரத்தப் பரிசோதனைத் தாளில் "ஆ ஜேன்" என்று எழுதியிருக்கும். பிரெஞ்சுக்காரருக்கு அது விளங்கும்: இரவிலிருந்து ஒன்றும் சாப்பிடாமல் வர வேண்டும், பச்சைத் தண்ணீர் மட்டும் குடிக்கலாம். இதைத் தமிழில் எப்படி எழுதுவீர்கள்? இன்று கணினி ஒரு நொடியில் மொழிபெயர்த்துத் தரும். "விரதம்" என்று வரும், சில வேளை "உண்ணாவிரதம்" என்றே வந்து நிற்கும். உண்ணாவிரதம் என்றால் எங்கள் சனத்துக்கு எழும் நினைவு வேறு. விரதம் என்றால் யாழ்ப்பாணத்து அம்மா என்ன செய்வார்? பாலும் பழமும் எடுப்பார். பாலையும் இரண்டு கதலிப் பழத்தையும் எடுத்துவிட்டு "நான் விரதம்தான் பிள்ளை" என்று ஆய்வுகூடத்தில் இருப்பார். சீனியின் அளவு பிழையாக வரும். "வெறும் வயிற்றோடு வாருங்கள், பால், தேநீர், பழம் எதுவும் வேண்டாம், தண்ணீர் மட்டும் குடிக்கலாம்" என்று எழுதத் தெரிந்தவர் ஒரு தாதி. அவரும் எங்கள் வீட்டில் வளர்ந்தவராக இருக்க வேண்டும்.

சொற்களும் அப்படித்தான். நீரிழிவு என்று எழுதினால் படித்தவர்களுக்கு விளங்கும். என் தாயாரின் வயதுக்காரர் சலரோகம் என்பார், மற்றவர் சீனி வருத்தம் என்பார். தமிழ்நாட்டுக் கையேட்டில் பக்கவாதம் என்று இருப்பதை எங்களூர் ஐயா பாரிசவாதம் என்றால்தான் திடுக்கிட்டுக் கேட்பார். முட்டு, இளைப்பு, களைப்பு, விறைப்பு: இந்த நாலு சொல்லையும் ஒரு பிரெஞ்சு வைத்தியருக்குச் சரியாகப் பிரித்துச் சொல்லத் தெரிந்தால் ஒரு நோயாளியின் உயிரைக்கூடக் காப்பாற்றலாம்.

சாப்பாட்டுக்கு வாருங்கள். இங்கே தரும் நீரிழிவுக் கையேடுகள் பாணையும் பாற்கட்டியையும் பற்றிப் பேசும். புட்டுக்கு எத்தனை பிடி, இடியப்பம் எத்தனை தட்டு, குரக்கன் உண்மையில் எவ்வளவு நல்லது, கோயில் மோதகத்தை என்ன செய்வது என்று அதில் இருக்காது. ஆனால் தெற்காசியருக்கு இரண்டாம் வகை நீரிழிவு குறைந்த உடற்பருமனிலேயே வந்துவிடுகிறது. அதனால்தான் ஆசிய மக்களுக்கு உடற்பருமன் சுட்டெண் 23 இலிருந்தே கவனம் தேவை என்று உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு 2004 இல் சொன்னது. பொதுக் கணக்கில் அந்த எல்லை 25. இதை எங்கள் மொழியில், எங்கள் கோப்பையை வைத்து எழுத ஆள் வேண்டும்.

இந்த வேலையை எங்களில் முதலில் செய்தவர் ஒரு அமெரிக்கர் என்பதை இளம் நேயர்கள் அறிய வேண்டும். சாமுவேல் கிறீன் என்ற வைத்தியர் 1847 இல் யாழ்ப்பாணம் வந்தார், மானிப்பாயில் வைத்தியசாலை நடத்தினார். ஆங்கிலத்தில் படிப்பித்தால் படித்தவர்கள் ஊரை விட்டுச் சம்பளத்துக்குப் போய்விடுகிறார்கள், கிராமத்துச் சனத்துக்குப் பயனில்லை என்று கண்டார். 1864 இலிருந்து மருத்துவத்தைத் தமிழிலேயே படிப்பித்தார். உடலமைப்பு, அறுவைச் சிகிச்சை, பிரசவம் என்று அவரும் அவருடைய மாணவர்களும் தமிழாக்கி அச்சிட்டது 4,000 பக்கங்களுக்கு மேல். சொல் இல்லாத இடத்தில் சொல் உண்டாக்கினார். 1873 இல் ஊரை விட்டுப் போனார், 1884 இல் காலமானார். மானிப்பாய் வைத்தியசாலை இன்றும் அவர் பெயரைத் தாங்குகிறது. அதே வழியில் எங்கள் காலத்தில் பருத்தித்துறை வைத்தியர் எம்.கே. முருகானந்தன் பத்திரிகையிலும் இணையத்திலும் புத்தகங்களிலும் எளிய தமிழில் நலவியல் எழுதியவர். அவருடைய எழுத்தைப் படித்துப் பாருங்கள், நோயாளியோடு எப்படிக் கதைப்பது என்று விளங்கும்.

இங்கே எனக்கு ஒரு யோசனை உண்டு. ஊரில் தாதியாக வேலை செய்துவிட்டு வந்த அக்காமார் பலர் இங்கே எய்ட் சுவாஞாந்தாக இருக்கிறார்கள். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே பெற்ற தாதிப் பட்டத்தைப் பிரான்ஸ் அப்படியே ஏற்பதில்லை. யாழ்ப்பாணப் பெரியாஸ்பத்திரியில் ஒரு விடுதியையே நடத்தியவர் இங்கே வந்து படுக்கை விரிக்கிறார். அதைப் பற்றி நான் இன்னொரு நாள் கோபமாகப் பேசுகிறேன். இன்றைக்குச் சொல்ல வருவது இதுதான்: அந்த அக்காவிடம் மருத்துவத் தமிழ் இருக்கிறது. இங்கே பிறந்து தாதிப் பள்ளியில் மூன்று வருடம் படித்த தங்கச்சியிடம் வைத்தியசாலைப் பிரெஞ்சு இருக்கிறது, ஆனால் அவருடைய தமிழ் சோதனைத் தாளில் காணாது. இரண்டு பேரும் ஒரு மேசையில் இருந்தால் நல்லதொரு கையேடு பிறக்கும். கிடைக்கிற காசையும் பாதி பாதியாகப் பிரிக்கலாம். இப்படி இரண்டு பேர் சேர்ந்து செய்த வேலையை நான் கண்டிருக்கிறேன், நன்றாகவே இருந்தது.

யாருக்கு எழுதுவது? நோயாளர் சங்கங்கள், நகரசபைகளின் சுகாதாரப் பிரிவுகள், புலம்பெயர்ந்தோர் நலம் பார்க்கும் அமைப்புகள். கொமெட் என்ற அமைப்பு 1979 இலிருந்து அகதிகளின் மருத்துவத்தில் வேலை செய்கிறது, பல மொழிகளில் இருமொழிக் கையேடுகள் வெளியிட்டிருக்கிறது. இப்படிப்பட்ட இடங்களுக்கு நேரடியாகக் கடிதம் எழுதலாம். வெறும் கையோடு போகாதீர்கள். இரண்டு பக்கத்தில் ஒரு மாதிரியைத் தமிழிலும் பிரெஞ்சிலும் செய்து கொண்டுபோங்கள். கணினி மொழிபெயர்ப்பு வந்த பிறகு முழு மொழிபெயர்ப்புக்குக் கூலி இறங்கிவிட்டது. ஆனால் கணினி செய்ததைச் சரிபார்க்கும் வேலை கூடியிருக்கிறது. அதையும் கேளுங்கள். பிரெஞ்சுத் தாதியர் சஞ்சிகைகளும் அனுபவக் கட்டுரைகளை ஏற்கின்றன. எல்லாச் சஞ்சிகையும் பணம் தருவதில்லை, எழுத முன்னரே கேளுங்கள். கேட்பதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

இப்போது இந்தப் பேச்சின் பாரமான பகுதிக்கு வருகிறேன்.

தொழில் இரகசியம். நோயாளியைப் பற்றி வேலையில் அறிந்ததை வெளியே சொன்னால் பிரெஞ்சுத் தண்டனைச் சட்டத்தின் 226-13 ஆம் பிரிவுப்படி ஒரு வருடச் சிறை, 15,000 யூரோ அபராதம். நோயாளி இறந்த பிறகும் இரகசியம் இரகசியமே. இதைத் தாதிப் பள்ளியில் எல்லோரும் படித்திருப்பீர்கள். பள்ளியில் சொல்லித் தராதது ஒன்று உண்டு. பிரெஞ்சுத் தாதி ஒருவர் "அறுபது வயது மதிக்கத்தக்க ஒரு பெண்" என்று எழுதினால் அந்தப் பெண் இந்த நாட்டின் கோடிக்கணக்கான மக்களுக்குள் மறைந்துவிடுவார். நாங்கள் தமிழில் "தீவுப் பகுதி அம்மா, மகனுக்குக் கடை, மருமகள் கோவித்துக்கொண்டு லண்டன் போய்விட்டா" என்று எழுதினால்? பெயரே தேவையில்லை. ரூ கைய் முனையில் வாசிக்கத் தொடங்கியவர் ரூ பஜோல் கோயிலடிக்கு வந்து சேர முன்னர் ஆளைக் கண்டுபிடித்துவிடுவார். எங்கள் சமூகம் அவ்வளவு சின்னது, அவ்வளவு நெருக்கம். சில வருடங்களுக்கு முன்னர் ஒரு ஒன்றுகூடலில் ஒருவர் நல்ல நோக்கத்தோடு, பெயரை மாற்றி, ஒரு நோயாளியின் கதையைச் சொன்னார். சபையில் பின்வரிசையில் அந்த நோயாளியின் சகோதரி இருந்தார்.

இன்னும் ஒன்றும் இருக்கிறது. எங்கள் ஆட்களின் உடம்பில் நாங்கள் காண்பது நோயை மட்டுமா? சூட்டுத் தழும்பு, ஷெல் துண்டு, கட்டி வைத்த அடையாளம் எல்லாம் காண்கிறோம். உடுப்பு மாற்றும்போது காண்கிறோம், அவர்களும் தமிழ்ப் பிள்ளை என்ற நம்பிக்கையில் இரண்டு வசனம் சொல்கிறார்கள். 2009 க்குப் பிறகு வந்தவர்களிடம் இதை நிறையக் கண்டேன். அந்தக் கதைகள் வாசகரை அழவைக்கும், பதிப்பகமும் விரும்பிக் கேட்கும். ஆனால் இணையத்தில் எழுதிய தமிழை வவுனியாவிலும் வாசிப்பார்கள். அங்கே அந்த மனிதரின் தாயும் தம்பியும் இருக்கிறார்கள். இங்கே அவருடைய அகதி வழக்கு இன்னும் முடியாமல் இருக்கலாம். அந்தக் கதை அவருடையது. அதை விற்கும் உரிமை எங்களுக்கு இல்லை. இந்த விடயத்தில் நான் சமரசம் செய்யமாட்டேன், எத்தனை யூரோ தந்தாலும்.

அல்கொட்டைப் பற்றிப் பிறகு சொல்கிறேன் என்றேனே, அது இதுதான். 1863 இலேயே அவர் தன் புத்தகத்தில் வைத்தியசாலைக்கு ஒரு பகிடிப் பெயர் வைத்தார், தனக்கும் ஒரு கற்பனைப் பெயர் வைத்தார். எங்களுக்கு அதுவும் காணாது. நான் செய்வது இதுதான்: தமிழில் எழுதும்போது தமிழ் நோயாளியைப் பற்றி எழுதுவதே இல்லை. பிரெஞ்சில் எழுத வேண்டி வந்தால், வயது, ஊர், நோய், பிரிவு நான்கையும் மாற்றி, மூன்று பேரை ஒருவராக்கி, சில வருடமாவது ஆறப்போட்டுத்தான் எழுதுவேன். மற்றப்படி எழுத எவ்வளவோ இருக்கிறது. முதல் இரவு வேலையின் பயம், பிள்ளைகள் தாய்க்கு மொழிபெயர்க்கும்போது எதை மறைக்கிறார்கள், லாரிபுவாசியேர் போன்ற ஒரு பெரிய வைத்தியசாலையின் அவசரப் பிரிவுக்குப் போகும்போது எந்தெந்தத் தாள்களைக் கொண்டுபோக வேண்டும், "வலி பத்துக்கு எத்தனை?" என்று கேட்டால் எங்கள் ஐயாமார் ஏன் எப்போதும் "பரவாயில்லை" என்கிறார்கள். இதற்கெல்லாம் யாருடைய கதவையும் தட்டிக் கேட்க வேண்டியதில்லை.

இனிச் சட்டமும் காசும். கொஞ்சம் வரட்சியாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அரச வைத்தியசாலையில் வேலை செய்பவர் இன்னொரு சம்பாத்திய வேலை செய்வதென்றால் பொதுவாக நிர்வாகத்தின் முன் அனுமதி வேண்டும். ஆனால் புத்தகம், கட்டுரை போன்ற படைப்பாக்கத்தை அரச ஊழியர் சுதந்திரமாகச் செய்யலாம் என்று சட்டமே சொல்கிறது, தொழில் இரகசியத்தைக் காக்கும் வரை. ஆகவே நாவல் எழுத யாரிடமும் கேட்கத் தேவையில்லை. விளம்பரக் காசு வாங்குவது, கூலிக்கு மொழிபெயர்ப்பது, வகுப்பு எடுப்பது என்றால் நிலைமை வேறு. ஆளணிப் பிரிவுக்கு எழுத்தில் கேட்டு, பதிலையும் எழுத்தில் வாங்கி வைத்திருங்கள். தனியார் கிளினிக்கில் வேலை செய்பவர்கள் ஒப்பந்தத்தை எடுத்து, வேறு வேலை செய்யக்கூடாது என்ற நிபந்தனை இருக்கிறதா என்று பாருங்கள்.

முக்கியமாக ஒன்று: அறே மலடியில் வீட்டில் இருக்கும்போது கூலிக்கு எழுதாதீர்கள். "சும்மாதானே படுத்திருக்கிறேன்" என்று நினைப்போம். மருத்துவ விடுப்புக் காலத்தில் வைத்தியர் அனுமதிக்காத எந்த வேலையும் செய்யக்கூடாது. கண்டுபிடித்தால் சுகாதாரக் காப்புறுதி, தந்த பணத்தைத் திருப்பிக் கேட்கலாம்.

பணம் வரும் வழி இரண்டு. பதிப்பகம் தருவது எழுத்தாளர் உரிமைப் பணம். அதில் சமூகப் பங்களிப்பை வழமையாக அவர்களே கழித்துக் கட்டுவார்கள். கையேடு எழுதிக் கொடுத்தல், சரிபார்த்தல் போன்ற வேலைகளுக்குப் பற்றுச்சீட்டு எழுத வேண்டும். அதற்கு மிக்ரோ ஒந்தரப்ரனராகப் பதிய வேண்டும். 2009 இல் ஓட்டோ ஒந்தரப்ரனர் என்று தொடங்கிய அதே முறைதான். பதிவதற்குக் கட்டணம் இல்லை, இணையத்தில் செய்யலாம். வரும் பணத்தில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கை ஊர்சாஃப் எடுக்கும், அதற்கு மேல் வருமான வரி. ஒன்றும் உழைக்காத மாதத்திலும் பூச்சியம் என்று அறிவிக்க வேண்டும், மறந்தால் தண்டம் வரும். 10 வருட வதிவிட அட்டை உள்ளவர்களுக்கும் பிரெஞ்சுக் குடியுரிமை உள்ளவர்களுக்கும் இதில் தடையில்லை. மாணவர் அட்டை, வேறு தற்காலிக அட்டை உள்ளவர்கள் பதிய முன்னர் விசாரிக்க வேண்டும். காஃப் இலிருந்து வீட்டு உதவியோ வேலை ஊக்கத்தொகையோ பெறுபவர்கள் இந்த வருமானத்தையும் அங்கே அறிவியுங்கள். பிறகு திருப்பிக் கட்டச் சொல்லிக் கடிதம் வரும்போது வரும் தலையிடி பெரிது.

"கறுப்பில் வாங்கினால் என்ன?" என்று சிலர் கேட்பார்கள். உணவகத்தில் கறுப்பில் வேலை செய்தவருக்கு வேறு வழி இருக்கவில்லை, அவரை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் அரசாங்கப் பட்டம் வைத்திருக்கும் தாதி ஒருவர், தன் பெயரோடு அச்சில் வரும் எழுத்துக்குக் கறுப்பில் காசு வாங்குவது சாட்சியைத் தானே அச்சடித்துக் கொடுப்பது போல.

கடைசியாக விளம்பரம். கொஞ்சம் பெயர் வந்ததும் தேடி வருவார்கள்: மெலிவதற்குப் பொடி, சீனி வருத்தத்தை முற்றாக மாற்றும் மூலிகை, முடி வளரும் எண்ணெய். "தாதி சொல்கிறா" என்ற ஒரு வசனத்துக்கு உங்கள் ஒரு மாத இரவு வேலைக் காசைத் தருவதாகச் சொல்வார்கள். 2023 ஜூன் 9 ஆம் திகதிய சட்டம் இணையத்தில் செல்வாக்குள்ளவர்களின் விளம்பரங்களைக் கட்டுப்படுத்தியிருக்கிறது. மருத்துவத்தைக் கைவிடச் சொல்லித் தூண்டும் விளம்பரங்களும் அதில் அடங்கும். தாதியர் ஒழுக்கக்கோவை 2016 இல் வந்தது. நாங்கள் செய்யும் மற்றத் தொழில் தாதித் தொழிலின் கண்ணியத்துக்குப் பொருந்த வேண்டும் என்று அது சொல்கிறது. சட்டத்தை விடுங்கள். உங்கள் வசனத்தை நம்பி ஒரு ஐயா இன்சுலினை நிறுத்தினால், அவர் எந்த வைத்தியசாலைக்கு வருவார்? நீங்கள் வேலை செய்யும் இடத்துக்கே வரலாம்.

சார்செல் தங்கச்சி கேட்ட இன்னொரு கேள்வி, மாதத்துக்கு எவ்வளவு வரும் என்பது. முதல் வருடத்தில் பெரிதாக எதையும் எதிர்பார்க்காதீர்கள் என்றேன். இரண்டு மூன்று இடங்கள் உங்கள் வேலையைக் கண்டு திரும்ப அழைக்கத் தொடங்கிய பிறகு, சில மாதம் ஒரு மேலதிக இரவின் பணம் வரும், சில மாதம் வராது. கிழமைக்கு ஒரு நாள், வேலை இல்லாத நாளில் இரண்டு மணித்தியாலம் என்று வைத்துத் தொடங்குங்கள். இரவு வேலை முடித்து வந்த காலையில் எழுத இருக்காதீர்கள், நித்திரை கொள்ளுங்கள்.

ஊரில் தாதியாக இருந்த அக்காமார், இங்கே படித்த தங்கச்சிமார், தம்பிமார் யாராவது இப்படிச் சோடி சேர்ந்து எழுத விரும்பினால் வானொலி நிலையத்துக்கு உங்கள் பெயரைக் கொடுங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் எல்லோரும் லாச்சப்பலில் கூடுவோம். முதல் வேலையாக "ஆ ஜேன்" கையேட்டை எடுப்போம், அது ஒரு பக்கம்தான்.